வரம்புக்குள் ஒரு வரம்பு

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் சாலையில் உள்ளது காரியாபட்டி. வந்தவாசிப் பகுதியில் பிறந்த நான், ஆசிரியப் பணியின் பொருட்டு அவ்வூரில் பதினோராண்டுகள் வாழ்ந்தேன். நம்மவர் குடும்பம் வேறொன்றை அங்கு நான் கண்டதில்லை. ஆயினும் அயலூர் என்னும் எண்ணம் எனக்கு நெடுநாள் நிற்கவில்லை. அதற்கு ஒரு காரணம் அருகிலேயே இருந்த குரண்டி. பாண்டியர் காலத்தில் வெண்புநாட்டுக் குரண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்னும் பெரும்பள்ளி விளங்கிற்று. அதன் பெயரை, மதுரையை அடுத்த கீழக்குயில்குடிச் சமணர் மலையில் அதன் மாணாக்கர் வெட்டுவித்த கல்வெட்டுகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்று குரண்டி அட்டோபவாசி பட்டாரரைக் குறிக்கிறது. எட்டு உபவாசம் நோற்றவர் என்பது அப்பெயரின் பொருள். அவர் நோன்பை அளந்து மதிப்பெண் இட்டவர் எவருமிலர். மாணாக்கர் சொல்லிய பெயரே கல்லில் ஏறிற்று.

இதனை நினைக்கச் செய்தது, 2024ஆம் ஆண்டுத் தீபாவளி கழிந்த சில நாள்களில் காரியாபட்டியில் நான் கேட்ட ஒரு முறையீடு. பழைய மாணவர் ஒருவர் இல்லத் திருமணத்திற்குச் சென்றிருந்தேன். நான் குடியிருந்த தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர், ஊரார் எல்லாரும் அண்ணாச்சி என்றழைக்கும் பெரியவர், என்னைக் கண்டதும் கடைப்பலகையில் அமர்த்திக்கொண்டார். "வாத்தியாரய்யா, ஒரு தவணைகூட நான் தப்பியதில்லை. இருந்தும் என் நாணயத்துக்குப் போட்ட மார்க் குறைந்துவிட்டதாம். வீட்டைப் பழுது பார்க்கக் கேட்ட கடனுக்கு வட்டி கூட்டிச் சொல்கிறார்கள். நான் என்ன தப்புச் செய்தேன்?" என்றார்.

அவர் செய்தது இவ்வளவே. ஒவ்வொரு தீபாவளிக்கும் சிவகாசி சென்று பட்டாசுச் சரக்கு எடுத்து, கடையில் வைத்து விற்பார். (வெடி வாணிகம் அகிம்சை நெறிக்கு உகந்ததா என்பது வேறு வினா. அதனை அவரிடம் கேட்கும் உரிமை அன்று எனக்கில்லை.) அவருடைய கடன் அட்டையின் வரம்பு 1,00,000 ரூபாய். சரக்கெடுத்த வகையில் 92,000 ரூபாய் அதில் ஏறிற்று. பண்டிகை விற்பனை முடிந்ததும், கெடுநாளுக்கு முன்னரே முழுத்தொகையையும் கட்டிவிட்டார். வட்டியாக ஒரு காசும் கொடுக்கவில்லை. ஆனால் வங்கி, மாதப் பட்டியல் முடியும் நாளில் நிலுவையாக நின்ற தொகையையே கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. அந்நாளில் நின்றது 92,000. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. வரம்பில் நூற்றுக்கு முப்பதுக்குள் பயன்படுத்துவதே நன்று என்பது இத்துறையினர் பொதுவாகக் கூறும் கணக்கு. அது சட்டமன்று, கைவழக்கான அளவே. எனினும் தொண்ணூறைத் தாண்டியவர் கை நெருக்கடியில் உள்ளவர் என்றே அக்கணக்கு எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் செய்திருந்தார். அவரிடம் மற்றொரு வங்கியின் அட்டை ஒன்று, அதே 1,00,000 வரம்புடன், பல ஆண்டுகள் பயனின்றிக் கிடந்தது. "எதற்கு இரண்டு? ஒன்றே போதும்" என்று முந்திய ஆண்டு அதனை மூடிவிட்டார். அது இருந்திருப்பின் மொத்த வரம்பு 2,00,000 ஆகியிருக்கும். அதே 92,000 நூற்றுக்கு நாற்பத்தாறாகக் குறைந்திருக்கும். 'போதும்' என்ற சொல்லே அவருக்கு இழப்பாயிற்று. இதனைக் கேட்டபோது என் மனம் கலங்கியது. போதுமென்னும் மனத்தை நாம் பிள்ளைகளுக்கு எந்நாளும் கற்பித்து வருகிறோம். அம்மனம் ஒரு கணக்கில் குறையாகப் பதிவாகுமாயின், தவறு மனத்திலா, கணக்கிலா?

கணக்கின் வரலாற்றை முதலில் பார்ப்போம். கடன் பெறுவோரின் பழைய நடத்தையை எண்களாக்கி, அவர் திருப்பிக் கொடுப்பாரா என்று முன்கூட்டி மதிப்பிடும் முயற்சியை அமெரிக்காவில் ஃபேர் ஐசக் நிறுவனம் 1956 முதல் வளர்த்தது. எல்லா வங்கிகளுக்கும் பொதுவான அதன் மதிப்பெண் 1989இல் வெளிவந்தது. அம்மதிப்பெண்ணில் தவணை தவறாமை நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கும், கடனாக நிற்கும் தொகை நூற்றுக்கு முப்பது பங்கும் பெறும். வரம்பில் எவ்வளவு பயன்படுத்தினோம் என்பது இந்த இரண்டாம் பங்கில் அடங்கும். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் சிபில் நிறுவனம் தோன்றியது. 2005இல் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று சிபிலுடன் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. மதிப்பெண் 300 முதல் 900 வரை. 750ஐத் தாண்டியவரை வங்கிகள் பெரும்பாலும் முகமலர்ந்து வரவேற்கின்றன.

இவற்றைக் குறைகூறுவது எளிது. நானும் முதலில் அதையே செய்தேன். ஆயினும் பழைய முறையை எண்ணிப் பார்த்தால் நாக்குச் சற்று அடங்குகிறது. நான் காரியாபட்டிக்குச் சென்ற முதல் மாதத்தில், அதே அண்ணாச்சி கடையில் எனக்குப் பற்றுவரவுக் குறிப்பேடு திறந்தது என் நாணயத்திற்காக அன்று. தலைமையாசிரியர் ஒரு சொல் சொன்னார், அதனால் திறந்தது. தலைமையாசிரியரைத் தெரியாத கூலித் தொழிலாளி அதே கடையில் நின்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? 'இன்னார் மகன்', 'இன்ன தெரு', 'இன்ன சாதி' என்பவையே அக்காலத்து மதிப்பெண்கள். அம்மதிப்பெண் குறைந்தவர்க்குக் கந்துவட்டியே கதி. அக்கொடுமை மிகுந்ததனாலன்றோ 2003இல் தமிழ்நாடு அரசு அதனைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது? எண் சாதி கேட்பதில்லை, தெருவும் கேட்பதில்லை. அது நன்மையே. அண்ணாச்சியிடமும் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எண் தீபாவளி எப்போது என்றும் கேட்பதில்லையே" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. சிவகாசிப் பட்டாசுத் தொழில் முழுவதுமே, ஆண்டெல்லாம் முதலைப் போட்டு ஐப்பசியில் காசைக் காணும் தொழில். பருவத்தோடு வாழும் உழவர்க்கும் வணிகர்க்கும் ஒரு நாள் நிலுவை ஆண்டின் உண்மையைச் சொல்லாது.

இனி நம் நூல்களுக்கு வருவோம். இல்லறத்தார் ஏற்கும் ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது பரிக்கிரக பரிமாணம். நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், ஆடை, கலம் முதலியவற்றில் 'இவ்வளவே எனக்குரியது' என்று தாமே அளவு வரைந்துகொள்வது அது. தமிழில் பொருள் வரைதல் என்போம். பிறர் நமக்கு வரையும் வரம்பன்று. நாம் நமக்கு வரைவது. அதனோடு நில்லாமல், போகோபபோக பரிமாணம் என்றொரு விரதத்தையும் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் குணவிரதங்களுள் வைத்துள்ளார். உணவுபோல் ஒருமுறை நுகர்ந்து தீர்வது போகம். உடைபோல் மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். இவ்விரண்டின் பயன்பாட்டையும், முன்பே வரைந்த அளவுக்கு உள்ளேயே, மேலும் குறுக்குவது இவ்விரதம். உடைமைக்கு ஒரு வரம்பு. அவ்வரம்புக்குள் பயன்பாட்டிற்கு மற்றொரு வரம்பு. இதனை வாழ்நாள் முழுமைக்கும் ஏற்றால் யமம், குறித்த காலத்திற்கு ஏற்றால் நியமம்.

சென்னையில் வங்கிப் பணியிலுள்ள என் மருமகனிடம் இதைச் சொன்னபோது அவன் துள்ளிக் குதித்தான். "மாமா, இதைத்தானே நாங்களும் சொல்கிறோம்! இலட்சம் வரம்பு இருந்தாலும் முப்பதாயிரத்துக்குள் நில்லுங்கள் என்கிறோம். சமந்தபத்திரர் சொன்னதும் இதுதான்" என்றான். ஒப்புமை கவர்ச்சியானதே. இளைஞர்கள் விரதத்தை நாடிவர இது ஒரு வாயிலாகலாம் என்று நானும் ஒரு கணம் மகிழ்ந்தேன். பின்னர் சிந்திக்கச் சிந்திக்க, வெளித்தோற்றம் ஒன்றாயினும் உள்ளே இரண்டும் வெவ்வேறு திசை நோக்கிச் செல்வதை உணர்ந்தேன்.

முதல் வேறுபாடு அளவின் இயல்பில் உள்ளது. விரதத்தின் அளவு தேவையிலிருந்து பிறக்கிறது. இத்தனை கலம் நெல், இத்தனை உடை, இத்தனை காசு என்று எண்ணி நிறுத்துவது. மதிப்பெண்ணின் அளவோ விகிதம். வங்கி வரம்பை ஐந்து இலட்சமாக உயர்த்தினால், முப்பதாயிரத்தில் நின்றவர் ஒன்றரை இலட்சம் வரை செலவிடலாம். மதிப்பெண் முகஞ்சுளிக்காது. வங்கி தன் காரணங்களுக்காக வரம்பை நாற்பதாயிரமாகக் குறைத்துவிட்டால், மாதந்தோறும் இருபத்தையாயிரம் மட்டுமே செலவிட்டு வந்தவர், ஒரு ரூபாயும் கூடுதலாகச் செலவிடாமலே, நூற்றுக்கு இருபத்தைந்திலிருந்து அறுபத்திரண்டுக்கு மேல் ஏறிவிடுவார். அவர் நடத்தை மாறவில்லை. வகுக்கும் எண் மாறியது. தேவையோடு தொடர்பற்ற இத்தகைய அளவை அடக்கம் என்று எப்படி அழைப்பது?

இரண்டாம் வேறுபாடு நோக்கத்தில் உள்ளது. இதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. மாயை, மித்தியை, நிதானம் ஆகிய மூன்று சல்லியங்களும் நீங்கியவனே விரதி என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கொள்கை. சல்லியம் என்பது உடலில் தைத்த முள். இங்கே நிதானம் என்ற சொல்லைத் தமிழ் வழக்கின்படி பொறுமை, அமைதி என்று கொள்ளலாகாது. நோற்ற நோன்புக்குக் கூலியாகப் பின்னால் போகம் வேண்டும் என்று மனத்தில் முடிந்து வைத்துக்கொள்வதே சமய வழக்கில் நிதானம். இன்று குறைவாகச் செலவிட்டால் மதிப்பெண் உயரும். மதிப்பெண் உயர்ந்தால் நாளை பெரிய கார், பெரிய வீடு, பெரிய கடன். மருமகன் கூறிய அடக்கத்தின் உள்ளே இம்முள் தைத்திருக்கிறது. நாளைய பெருநுகர்ச்சிக்காக இன்றைய நுகர்ச்சியைத் தள்ளிவைப்பதே அது. பற்றை மெலியச் செய்வதன்று.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழலாம். அதனை எளிதில் ஒதுக்குவதற்கில்லை. சிறுவயதில் நாம் இரவுண்ணாமையைக் கடைப்பிடித்தது எதற்காக? பாட்டி மெச்சுவாள் என்பதற்காக. முதல் உபவாசம் இருந்தது, பாரணையன்று கிடைக்கும் பாயசத்தை எண்ணி. ஆயினும் அப்பழக்கம் நின்றது, காரணம் உதிர்ந்தது. மதிப்பெண்ணுக்காகச் செலவைக் குறுக்கக் கற்ற இளைஞன், பின்னர் மதிப்பெண்ணை மறந்து குறுக்கலை மட்டும் வைத்துக்கொள்ள மாட்டானா? வைத்துக்கொள்ளலாம். அதற்கு இடமுண்டு என்றே கருதுகிறேன். ஆனால் பாட்டி, உபவாசம் முடிந்ததும் நம் உணவின் அளவை இருமடங்காக்க முன்வந்தவளல்லள். வங்கி முன்வருகிறது. நன்றாக நடந்துகொள்பவருக்கே வரம்பை உயர்த்தும் அழைப்பு மீண்டும் மீண்டும் வருகிறது. வாடிக்கையாளரின் வெளிப்படையான இசைவின்றி வரம்பை உயர்த்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட அட்டை விதிகள் தடுத்துள்ளன. ஆதலின் கேள்வி நம் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. 'ஆம்' என அழுத்துவதா, வேண்டாவா?

இங்குதான் உண்மையான சிக்கல். உயர்ந்த வரம்பை ஏற்றுக்கொண்டு, செலவை மட்டும் பழைய அளவில் நிறுத்துபவருக்கு விகிதம் குறைந்து மதிப்பெண் கூடும். அப்படியானால் பயன்படுத்தாத வரம்பு பரிக்கிரகம் ஆகுமா? அது நம் உடைமையன்று. பிறர் கடன் கொடுக்க இசைந்துள்ளார் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. எனினும் பொருளின் மீதுள்ள பற்றுமயக்கத்தையே பரிக்கிரகம் என்று சூத்திரகாரர் வரையறுத்ததை நினைவுகூர்தல் வேண்டும். கையில் ஒன்றுமில்லாதவனும் மயங்கினால் பரிக்கிரகியே. கைப்பேசியில் ஐந்து இலட்சம் என்ற எண்ணைக் காணும்தோறும் 'எனக்கு ஐந்து இலட்சம் இருக்கிறது' என்று உள்ளம் தளர்ந்து ஓய்வெடுக்குமானால், அவ்வோய்வே உடைமை. அவ்வெண்ணை வெறும் எண்ணாகக் காண வல்லவர்க்கு அது தடையன்று. நான் அத்தகையவனா என்று என்னைக் கேட்டால், அல்லேன் என்பதே நேர்மையான விடை.

திக்விரதத்திற்குக் கூறப்பட்ட அதிசாரங்களுள் இரண்டு இவ்விடத்தில் என் நினைவுக்கு வருகின்றன. வரைந்த எல்லையைப் பின்னர் விரித்துக்கொள்ளுதல் ஒன்று. வரைந்த எல்லையை மறந்துவிடுதல் மற்றொன்று. மறதியையும் குற்றமாக வைத்த நுட்பத்தை எண்ணி வியக்கிறேன். வரம்பைப் பிறர் நினைவூட்டிக்கொண்டிருக்கும் காலத்தில், தம் வரம்பைத் தாமே மறப்பது எளிது.

என் சொந்த நிலையையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். வாழ்நாளில் நான் எந்த வங்கியிலும் கடன் பெற்றதில்லை. அதனை ஒரு சிறு பெருமையாகவே கருதி வந்தேன். பேரனின் கல்விக் கடனுக்கு உடன் கையொப்பமிடச் சென்றபோது, கணினித் திரையில் என் பெயருக்கு நேரே மதிப்பெண்ணே இல்லை. வரலாறு இல்லை என்ற குறிப்பே வந்தது. எழுபது ஆண்டு நாணயம் வரலாறற்றதாயிற்று. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் முதன்முறை கேட்போரைத் தள்ளக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலும் அரசு இதனை எடுத்துக்கூறியது. அன்று எங்களுக்கு அந்த விவரம் தெரியாது. மருமகன் ஒரு வழி சொன்னான். வைப்புத் தொகையைப் பிணையாக வைத்து ஓர் அட்டை பெற்று, மாதம் சிறு தொகை செலவிட்டு, முழுதும் கட்டி வந்தால் சில மாதங்களில் மதிப்பெண் தோன்றும் என்றான். தேவையில்லாத கடனை, நம்பத் தகுந்தவன் என்று காட்டுவதற்காக வாங்குவதா? இரண்டு இரவு உறக்கமில்லை. இறுதியில் பேரன் படிப்பை எண்ணி இசைந்தேன்.

இசையும்போது ஒன்று செய்தேன். அட்டமி, சதுர்த்தசி நோன்புகளைக் குறித்து வைக்கும் குறிப்பேட்டில், வங்கி தந்த வரம்பு எதுவாயினும் என் வரம்பு மாதம் 3,000 ரூபாய் என்று எழுதி நாளிட்டேன். மருந்துக்கும் மின்கட்டணத்திற்கும் மட்டும். பட்டியல் வந்த மறுநாளே முழுத்தொகையும் கட்டிவிடுவேன். ஒரு மாதம் தவறினாலும் மாதத்திற்கு நூற்றுக்கு மூன்றுக்கு மேல், அதாவது ஆண்டுக்கு முப்பத்தாறுக்கு மேல் வட்டி வாங்கும் அட்டைகள் உள்ளன. முந்திய தலைமுறை அஞ்சிய வட்டிகளுக்கு அது எவ்வகையிலும் இளைத்ததன்று. மதிப்பெண் வந்தது, பேரன் கல்லூரியில் சேர்ந்தான். என் செயலில் நிதானச் சல்லியம் இல்லை என்று சொல்லத் துணியேன். மதிப்பெண்ணுக்காகவே செய்தேன். குறிப்பேட்டில் எழுதிய எண் மட்டுமே எனக்கு ஓரளவு ஆறுதல் அளிக்கிறது. நியமம் என்று அதை அழைக்கலாமா என்பதை நூலறிவு மிக்க பெரியோர் இவ்விதழிலேயே எழுதித் தெளிவுபடுத்துவராயின் நன்றியுடையேன்.

அண்ணாச்சிக்கு நான் கூறியவை நடைமுறைச் சொற்களே. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தரவேண்டும் என்ற விதி 2017 முதல் உள்ளது. அதனை வாங்கிப் பாருங்கள். தவறிருப்பின் எழுதிக் கேளுங்கள் என்றேன். 2025 சனவரி முதல் வங்கிகள் தகவல்களைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையேனும் அனுப்பவேண்டியிருப்பதால், கட்டிய பணம் முன்னிலும் விரைவில் கணக்கில் ஏறும் என்பதையும் பின்னர்த் தொலைபேசியில் தெரிவித்தேன். மூடிய அட்டையை மீண்டும் வாங்கச் சொல்லவில்லை. விகிதத்திற்காக வாங்கலாம் என்று மருமகன் சொன்னான். அதனை அவரிடம் எடுத்துச்சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது சரியா என்று இன்றும் ஐயமே. அவர் நன்மை தீமையை அவரே தீர்மானிக்க விட்டிருக்க வேண்டுமோ, என்னவோ.

2025ஆம் ஆண்டுத் தீபாவளி முடிந்தபின் அவர் பேசினார். அவ்வாண்டும் சரக்கு 92,000 ரூபாய்க்குத்தான் எடுத்தாராம். பட்டியல் முடியும் நாளுக்கு முன்பே, அதுவரை விற்ற பணத்திலிருந்து 65,000 ரூபாயைக் கட்டிவிட்டிருக்கிறார். அறிக்கையில் ஏறியது 27,000 மட்டும். மதிப்பெண் உயர்ந்துவிட்டதென்று மகன் கைப்பேசியில் காட்டினானாம். "முன்பும் அந்தப் பணம் கல்லாவில்தான் இருந்தது, வாத்தியாரய்யா. பத்து நாள் முந்திக் கட்டினேன், அவ்வளவுதான். அதற்குள் நான் நல்லவனாகிவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, கடையில் ஆள் வந்துவிட்டதாகத் தொலைபேசியை வைத்துவிட்டார்.